கட்டின துணியும் போகும்

ஆல்பியன் ஆன்லைன் விளையாடுகிறேன் என்று மயிலாப்பூரில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "ரம்மி மாதிரியா?" அடுத்தது, "பப்ஜி மாதிரியா?" இரண்டும் இல்லை என்று சொன்னால் மூன்றாவது கேள்வி வராது. "ஓஹோ" என்று டிவி பக்கம் திரும்பிவிடுவார்கள்.

ரம்மியா என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆன்லைன் சீட்டாட்டம் இந்த ஊரில் எத்தனை வீடுகளை அழவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில் காசு வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை கதவைச் சாத்தினார்கள். ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து காசு ஆட்டத்தையே மூடிவிட்டது. நான் ஆடுவது அந்த ரகம் இல்லை. ஆல்பியனில் காசு ஜெயிக்க முடியாது. தூக்கத்தைத் தோற்கலாம். அதற்கு இன்னும் சட்டம் வரவில்லை.

தெரியாதவர்களுக்கு: பெர்லினில் இருக்கும் சாண்ட்பாக்ஸ் இன்டராக்டிவ் என்ற கம்பெனி 2017 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு இது. வாள், வில், மந்திரக்கோல், குதிரை, கோட்டை என்று வழக்கமான கற்பனை உலகம்தான். 2019 ஏப்ரலில் இலவசமாக்கினார்கள். 2021 ஜூனில் மொபைலுக்கும் வந்தது. கம்ப்யூட்டரில் ஆடுகிறவரும் போனில் ஆடுகிறவரும் ஒரே உலகத்தில்தான் உலாவுவார்கள். முன்பு மொத்த பூமிக்கும் ஒரே சர்வர், அதுவும் அமெரிக்காவில். நாம் கத்தியை வீசுவதற்குள் எதிராளி நம் தலையைக் கொய்து பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். 2023 மார்ச்சில் சிங்கப்பூரில் ஈஸ்ட் சர்வர் திறந்த பிறகுதான் நமக்கு விடிந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002ல் போட்ட ஐ2ஐ தொடங்கி கடலடி கேபிள்களுக்குக் குறைவில்லை. என் வீட்டில் இப்போது பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 40 மில்லி செகண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. செத்தால் இனி லேக் மேல் பழி போட முடியாது.

இதில் கொடுமை எங்கே என்றால், சாவில். நீல மண்டலத்தில் யாரும் உங்களைத் தொட முடியாது. மஞ்சளில் அடித்துக் கீழே தள்ளுவார்கள், உயிர் போகாது. சிவப்பிலும் கருப்பிலும் செத்தால் எல்லாம் போகும். தலைக்கவசம், மேலங்கி, செருப்பு, ஆயுதம், பை, பைக்குள் இருக்கும் சரக்கு, ஏறி வந்த குதிரை. அதில் சில பொருள்களை விளையாட்டே அழித்துவிடும். மிச்சத்தைக் கொன்றவன் எடுத்துக்கொள்வான். நீங்கள் ஊருக்குள் வெறும் உடம்போடு எழுந்து நிற்பீர்கள். அதோடு விடுகிறார்களா? யார் யாரைக் கொன்றார், செத்தவன் என்ன போட்டிருந்தான், பையில் என்ன வைத்திருந்தான் என்று எல்லாம் கில்போர்டு என்ற பொதுப் பட்டியலில் ஏறிவிடும். கில்டில், அதாவது நாம் சேர்ந்திருக்கும் குழுவில், நூறு பேர் அதைப் பார்ப்பார்கள். "இவ்வளவு சரக்கு எடுத்துட்டு அங்க எதுக்கு போனீங்க?" என்று பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்பான். வேலைக்குப் போய், பிஎஃப் பிடித்தம் எல்லாம் பார்த்த ஆள் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு ஏன் ஆடுகிறாய் என்றால், சந்தை. நான் அங்கே வீரன் இல்லை. நெசவாளி, தையல்காரன், கொஞ்சம் வியாபாரி.

ஆல்பியனில் ஆயுதமும் கவசமும் கடைக்காரப் பொம்மை விற்பதில்லை. ஏறக்குறைய எல்லாமே யாரோ ஓர் ஆட்டக்காரர் செய்தது. சதுப்பு நிலத்தில் விளையும் நாரை ஒருவர் அறுத்துக் கொண்டுவருவார். அந்தச் சதுப்பின் தலைநகரம் தெட்ஃபோர்டு. ஆனால் நாரைத் துணியாக நெய்ய லாபமான ஊர் லிம்ஹர்ஸ்ட், அது காட்டுக்குள். தோல் பதனிட மார்ட்லாக், இரும்பு உருக்க தெட்ஃபோர்டு, மரம் அறுக்க ஃபோர்ட் ஸ்டெர்லிங், கல் செதுக்க பிரிட்ஜ்வாட்ச். விளைகிற இடம் ஒன்று, பக்குவப்படுத்தும் இடம் இன்னொன்று என்று வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். பொருள்களுக்குத் தரப் படிகள் உண்டு: நாலாம் படித் துணி ஒன்றுக்கு நார் இரண்டு, மூன்றாம் படித் துணி ஒன்று. ஐந்தாம் படிக்கு நார் மூன்று, நாலாம் படித் துணி ஒன்று. ஒரு மேலங்கி தைக்கத் துணி 16. விற்கும்போது பிரீமியம் சந்தா இருந்தால் வரி 4 சதவீதம், இல்லையென்றால் 8. விலை போட்டுச் சரக்கைச் சந்தையில் வைப்பதற்கே தனியாக 2.5. இதையெல்லாம் கழித்த பிறகு மேலங்கிக்கு என்ன நிற்கிறது என்று ஓர் எக்செல் வைத்திருக்கிறேன். ஆபீஸ் எக்செல்லைவிட அது சுத்தமாக இருக்கும்.

ஆள் சாவதற்கும் சந்தைக்கும் உள்ள உறவைப் பிடித்துவிட்டால் இந்த விளையாட்டு முழுசாகப் பிடிபட்டுவிடும். ஒருவன் அறுக்கிறான், ஒருவன் நெய்கிறான், ஒருவன் தைக்கிறான், ஒருவன் சுமக்கிறான், ஒருவன் போட்டுக்கொண்டு சாகிறான். அந்த ஐந்தாவது ஆள் சாகாவிட்டால் முதல் நான்கு பேருக்கும் வேலை இல்லை. யாரும் சாகாத உலகத்தில் எல்லோரும் வாங்கின சட்டையைக் காலம் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள், தையல்காரன் ஈ ஓட்ட வேண்டியதுதான். வேறு ஆன்லைன் விளையாட்டுகளில் அரக்கனைக் கொன்றால் வாள் வானத்திலிருந்து விழும். இங்கே கேர்லியன் நகரத்தில் பிளாக் மார்க்கெட் என்று ஒன்று இருக்கிறது. நாம் தைத்ததை அங்கே விற்றால் அந்தச் சரக்குதான் பிறகு அரக்கர்களிடமிருந்து விழும். எங்கோ மணிலாவில் ஒரு பையன் குகைக்குள் பூதத்தைக் கொன்றுவிட்டு "ஆகா" என்று எடுக்கும் அங்கி மந்தைவெளியில் நான் தைத்ததாக இருக்கலாம். எனக்கு இதில் கிடைக்கும் திருப்தியை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

கேர்லியன் நடு ஊர். சுற்றிலும் சிவப்பு மண்டலம். சரக்கோடு தரைவழி போனால் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே விலை நல்ல விலை என்பதற்கும் இதுதான் காரணம்: வழியில் சாகிறவர்களின் பங்கும் அந்த விலையில் சேர்ந்திருக்கிறது. நிறைய எடுத்தால் பொதி மாடு, மெதுவாக நடக்கும். கொஞ்சமாக எடுத்தால் குதிரை, ஆனால் நாலு நடை போக வேண்டும். வாசலைத் தாண்டியதும் சில நொடிகளுக்கு மேலே ஒரு பாதுகாப்புக் குமிழி இருக்கும். திரையில் அந்த மண்டலத்தில் எத்தனை விரோதிகள் என்று ஓர் எண் தெரியும். பூஜ்யமாக இருந்தால் மூச்சு வரும். ஆறு, ஏழு என்று இருந்தால் குமிழிக்குள்ளேயே நின்று யோசிக்க வேண்டும். அவர்கள் வாசலில் நிற்பதில்லை. சிக்னல் தாண்டி மரத்துக்குப் பின்னால் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர் கணக்காக ஒரு வளைவு தள்ளி நிற்பார்கள். முதல் அடி மாட்டுக்கு. மாடு போனால் நீங்கள் கீழே. திரும்ப ஏறச் சில நொடி வேண்டும், அந்த நொடிகளை யாரும் தருவதில்லை. மொத்த விஷயமும் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் முடிந்துவிடும்.

தப்பித்து உள்ளே நுழைந்த ராத்திரிகளில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் ஹெட்போனை மீறிக் கேட்கும். இந்த வயதில் வேறு எந்த விளையாட்டும் எனக்கு இதைத் தரவில்லை. உயிர் போனால் அதே இடத்தில் எழுந்து மறுபடி ஆடலாம் என்கிற விளையாட்டுகளில் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

போனில் ஆடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தி.நகரிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் சந்தை விலை பார்க்க, விளையாட்டில் என் சொந்தத் தீவில் நட்ட கேரட்டை அறுக்கப் போன் அருமை. சிவப்பு மண்டலத்துக்குப் போன் ஆகாது. ஒருநாள் பாதி வழியில் மாட்டோடு போய்க்கொண்டிருக்கிறேன், திரை முழுக்க "அம்மா". எடுத்தேன்.

"எங்கடா இருக்க?"

"பஸ்ல மா."

"வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வா. வாடினது வேண்டாம்."

திரும்பி வந்து பார்த்தால் நான் ஊருக்குள் வெறும் உடம்போடு நிற்கிறேன். கொன்றவன் 'தேங்க்ஸ்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தான். நல்ல வளர்ப்பு. அந்தச் சரக்குக்கு நிஜமாகவே கொத்தமல்லி வாங்கியிருந்தால் ஒரு கல்யாணத்துக்குப் போதும்.

எரிச்சல்களில் இது சின்னது. பெரிய எரிச்சல், கடிகாரம். ஈஸ்ட் சர்வரில் சீனர்களும் இந்தோனேசியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் நிறைய. பெரிய சண்டைகள் அவர்கள் சாப்பிட்டு முடித்து உட்காரும் நேரத்தில் நடக்கும். சீனாவில் ராத்திரி 8 என்றால் இங்கே மாலை 5:30. சென்னையில் வேலை பார்க்கும் ஒருவன் 5:30க்கு எங்கே இருப்பான்? ஒன்று மானேஜர் எதிரில், இல்லையென்றால் பனகல் பார்க் பக்கம் நெரிசலில். கில்டின் கோட்டை போகிற நேரத்தில் நான் ஹாரன் சத்தத்துக்கு நடுவே டிஸ்கார்டில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். தெருவைத் தோண்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து இணையம் எப்போது வரும், எப்போது போகும் என்று பஞ்சாங்கத்தில்கூடப் போட முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரண்ட்டும் சிக்னலும் சேர்ந்து போனபோது விளையாட்டு யாருக்கும் ஞாபகம் இல்லை, அது வேறு.

அடுத்தது எண்ணிக்கை. தனி ஆளாக எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் கருப்பு மண்டலத்தில் இருபது பேர் வந்தால் நீங்கள் தீனிதான். பெரிய கூட்டணிகள் நல்ல நிலத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை ஓரத்தில் வைத்திருக்கும். புதுக் கில்டு ஒன்று தலை தூக்கினால் ஒன்று அவர்களுக்குக் கீழே போக வேண்டும், இல்லை அடி வாங்க வேண்டும். திறமையால் இதை வெல்லலாம் என்று யூடியூபில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள். காமிரா மட்டும் ஒருவர் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஆட்களை நம்பினால்தான் எதுவும் நடக்கும், நம்பினால் நாமம் போடவும் முடியும் என்பது இந்த ரக விளையாட்டுகளுக்கே பொது. நான் முன்பு இருந்த ஒரு கில்டில், பொதுப் பெட்டியின் சாவி வைத்திருந்த ஒருவர் ஒரு விடிகாலையில் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு பெயரை மாற்றிக்கொண்டு போய்விட்டார். விதி எதுவும் மீறப்படவில்லை. அவருக்கு அனுமதி கொடுத்தது நாங்கள்தான். மாதக்கணக்கில் சேர்த்த தோலும் துணியும் போனதைவிட, தினமும் ராத்திரி "சாப்டாச்சா?" என்று கேட்ட குரல் அது என்பதுதான் எரிந்தது.

கொல்கிறவர்களுக்கும் சாகிறவர்களுக்கும் நடுவே நடக்கும் இந்தச் சண்டை ஆல்பியனில் தொடங்கியதும் இல்லை. அல்டிமா ஆன்லைன் 1997ல் வந்தபோதே, ஊருக்கு வெளியே காலடி வைத்தவனை வெட்டித் தள்ளும் கூட்டம் இருந்தது. சோதனை ஓட்டத்திலேயே, உலகத்தைப் படைத்த ரிச்சர்ட் கேரியட்டின் அரசர் பாத்திரத்தை ஓர் ஆட்டக்காரர் நெருப்பு வைத்துக் கொன்றுவிட்டார். சாகாவரத்தைப் போட்டுக்கொள்ளாமல் ராஜா வந்து நின்றிருக்கிறார். புகார் தாங்காமல் 2000 மே மாதம் கம்பெனி உலகத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைப் பத்திரமான இடமாக்கியது. பெரும்பாலானவர்கள் அந்தப் பத்திரமான பக்கம் போய்விட்டார்கள். விளையாட்டைக் காப்பாற்றியதா கெடுத்ததா என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என் ஓட்டு, கெடுத்தது என்பவர்களுக்கு. ஆனால் அந்தப் பக்கம் போனவர்களையும் எனக்குப் புரிகிறது.

விண்வெளியில் நடக்கும் ஈவ் ஆன்லைனில் 2014 ஜனவரியில் ஒரு நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பில் கட்டப்படாமல் போனது. நிலம் கை நழுவியதும் எதிரிகள் பாய்ந்தார்கள். சுமார் 21 மணி நேரச் சண்டை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், 75 டைட்டன் கப்பல்கள் சாம்பல். நிஜக் காசில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள். ஈபி பில் கடைசித் தேதியை மறக்கிற எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தக் கப்பல்களைக் கொடுக்கக் கூடாது.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. 2000களின் நடுவில், தரமணி டைடல் பார்க்கிலிருந்து இயங்கிய சிஃபி என்ற இணைய நிறுவனம், கொரிய விளையாட்டான ஏ3யை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தெருமுனையில் இருந்த அவர்களுடைய ஐவே பிரவுசிங் சென்டர்களில் பள்ளிக்கூடப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து அதை ஆடுவார்கள். டெமோஸ், குவனாட்டோ என்று இரண்டு நாடு. பக்கத்து நாற்காலிக்காரன் எதிரி நாடாக இருப்பான். அங்கே உன்னைக் கொன்றவனின் சிரிப்பு நேராகக் காதில் விழும். ஒரு மணி நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்டால், சண்டை நடுவில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான். பையில் காசு இல்லாதவன் பின்னால் நின்று யோசனை சொல்வான். கணினி இல்லாத வீடுகளிலிருந்து வந்த ஒரு தலைமுறை மாயவித்தை உலகத்தில் கால் வைத்தது அங்கேதான். இன்று கில்டில் முப்பத்தைந்து தாண்டியவர்களைக் கிளறினால் பாதிப்பேர் "ஏ3 ஆடியிருக்கேன்" என்பார்கள்.

இப்போதைய கில்டில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி, மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா, அடையாறில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார்கள். கேர்லியன் வழியில் உளவு பார்ப்பது அந்தத் தம்பியின் வேலை. "அண்ணை, வாசலடியில நாலு பேர் நிக்கிறாங்கள், வராதேங்கோ" என்று காதில் விழுந்தால் மாட்டைத் திருப்பிவிட வேண்டும். கிள்ளான் அக்கா கணக்குப்பிள்ளை. கில்டு சண்டையில் செத்தவர்களுக்குப் பொருளை ஈடு கட்டுவது, அதாவது ரீகியர், அவர் பொறுப்பு. சொன்ன உடையைப் போடாமல் வந்து செத்தவனுக்கு ஒரு செருப்புகூடக் கிடைக்காது. அடையாறு அண்ணனை நேரில் பார்த்தது ஒருமுறைதான். இந்திரா நகரில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு முழு நேரமும் தோல் விலை ஏன் இறங்குகிறது என்றே பேசினார். அவருடைய நிஜப் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை; அவரும் சொல்லவில்லை.

எரிச்சல்களில் இன்னொன்று மிச்சம்: நெய்யும்போது செலவழிக்கும் புள்ளிகள், அதுதான் ஃபோகஸ், பிரீமியம் இருந்தால் தினமும் 10,000 வரும், 30,000க்கு மேல் சேராது. மூன்று நாள் உள்ளே வராவிட்டால் வீணாகும். விளையாட்டின் உண்மையான கொடுமை கொலைகாரர்கள் இல்லை, இந்தக் கணக்குதான். கொலைகாரன் மாட்டைத்தான் எடுக்கிறான். இது ஞாயிற்றுக்கிழமையை எடுக்கிறது. குழந்தைக்குப் பரீட்சை இருக்கும் மாதங்களில் நான் பிரீமியம் போடுவதை நிறுத்திவிட்டேன். ஃபோகஸ் இல்லாமல் நெய்தால் லாபம் மெலிகிறது. இருந்தாலும் அடிமையாக உட்கார்ந்து நெய்வதற்கு அது பரவாயில்லை.

ஆகவே, எல்லோரையும் வா என்று கூப்பிட மாட்டேன். தோற்றால் போனை விட்டெறிகிறவர்கள் வேண்டாம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்கள் கண்டிப்பாக வேண்டாம். பேரம் பிடிக்கும், சரக்கு எங்கே மலிவு எங்கே கிராக்கி என்று மோப்பம் பிடிப்பதில் ஒரு சுகம் உண்டு, நாலு பேரோடு சேர்ந்து திட்டம் போடப் பிடிக்கும் என்பவர்கள் தாராளமாக வரலாம். முதல் மாதம் விளையாட்டுத் தங்கம் வாங்கக் கைக்காசைப் போடாதீர்கள். மஞ்சள் மண்டலத்தில் நாலு தடவை உதை வாங்கிவிட்டுச் சிவப்புக்குப் போங்கள். போகும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போட முடியாது என்பதால் கம்ப்யூட்டரில் போங்கள். முக்கியமாக, ஆளை உருவாக்கும்போது ஈஸ்ட் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ தொடங்கி வளர்த்துவிட்டால் அந்த ஆளை இங்கே கூட்டி வர வழி கிடையாது.